கைப்பேசிக்குள் வந்து உட்கார்ந்த ஊர்

சென்னையில் நான் குடியேறிய நான்காவது வாடகை வீடு அது. முன்பணம் கொடுக்கப் போன அன்று வீட்டுக்காரர் கேட்ட கேள்விகள் எதுவும் எனக்குப் புதிதல்ல.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம் சார்."

"திண்டிவனத்துல எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். "ஊருக்குள்ளயேவா?" என்றார். தலையை ஆட்டி வைத்தேன். "அப்பா என்ன பண்றாரு? குலதெய்வம் எது? வீட்ல கறி மீனெல்லாம் சமைப்பீங்களா?" என்று கேள்விகள் தொடர்ந்தன. சென்னையில் வீடு தேடி அலைந்த எவருக்கும் இந்தக் கேள்வித்தாள் தெரியும். சாதி என்ற சொல் மட்டும் அதில் வராது. பொய்யும் சொல்லாமல், உண்மையையும் முழுதாகச் சொல்லாமல் பதில் சொல்ல நாமும் பழகியிருக்கிறோம். சாவி கிடைத்தது. அவரும் நானும் அவர் மகனும் கைப்பேசி எண்களைப் பரிமாறிக்கொண்டோம்.

மூன்றாவது வாரம், நான் பயன்படுத்தும் சமூக ஊடகம் ஒன்று "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று ஒரு முகத்தைக் காட்டியது. வீட்டுக்காரரின் மகன். அந்தத் தளத்தில் நான் அவரைத் தேடியதில்லை. எங்களுக்குப் பொதுவான நண்பர்கள் யாருமில்லை. என் திரையில் அவர் வந்தால், அவர் திரையில் நானும் வந்திருப்பேன் என்பது அப்போதுதான் உறைத்தது. என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஏப்ரல் 14 ஊர்வலத்தில் நீலக்கொடியோடு நான் நிற்கும் படம் முதலில் இருந்தது. அதை நான் போடவில்லை. ஊர்த் தோழர் ஒருவர் என்னை டேக் செய்திருந்தார். நண்பர்கள் பட்டியல் எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடந்தது.

அடுத்த மாதமே வீட்டுக்காரர் வந்தார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பையனுக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்கோம். வீடு தேவைப்படுது." காலி செய்தேன். அதன்பின் இரண்டு வாரத்தில் அதே வாசலில் 'வாடகைக்கு' அட்டை தொங்கியது. அந்தப் பையன் என் பக்கத்தைப் பார்த்தான் என்பதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. வீடு மறுக்கப்படும்போது நம் கையில் என்றைக்குச் சான்று இருந்திருக்கிறது?

இதை அலுவலக நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அழைப்பவர் யாரென்று காட்டும் செயலி ஒன்றில் என் எண்ணைப் போட்டுக் காட்டினார். 'காலனி எலெக்ட்ரீசியன் பையன்' என்று வந்தது. அந்தச் செயலியை நான் ஒருநாளும் தரவிறக்கியதில்லை. ஊரில் யாரோ என் எண்ணை அப்படிச் சேமித்திருக்கிறார். அவர் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலைச் செயலி முழுதாக அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி வந்து, படித்து, வேலைக்குச் சேர்ந்து, புதிய எண் வாங்கிய பிறகும் 'காலனி' என் முன்னால் போய் நிற்கிறது.

பரோடா விடுதியின் பதினோராம் நாள்

அண்ணல் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' படித்தவர்களுக்கு இந்தக் காட்சி எங்கே பார்த்தது என்று நினைவுக்கு வரும். 1917இல் வெளிநாட்டுப் படிப்பு முடித்துப் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கப் போகிறார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்குகிறார். பதினோராம் நாள் காலையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்று, நீ யார் என்று கேட்கிறது. மாலைக்குள் வெளியேறச் சொல்கிறது. நண்பர்களாலும் இடம் தர முடியவில்லை. ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலேறிப் பம்பாய் திரும்புகிறார்.

அன்று ஒருவர் யார் என்று கண்டுபிடிக்க மனிதர்கள் பேசி, விசாரித்து, கூடி வர வேண்டியிருந்தது. அதற்குப் பத்து நாள் ஆயிற்று. இன்று இரண்டு எண்கள் ஒரு தொடர்புப் பட்டியலில் சந்தித்தால் போதும்.

கிராமத்தைப் புகழ்ந்து பேசியவர்கள் நிறைந்த அரசியல் நிர்ணய சபையில், 1948 நவம்பரில், கிராமம் என்ற அமைப்பையே கடுமையாகச் சாடியவர் அம்பேத்கர். ஊரில் நமக்குத் தனிமை கிடையாது. யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறார், எந்தக் கடையில் டீ குடிக்கிறார், யாரோடு பேசுகிறார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். நகரம் தந்த பெரிய விடுதலையில் ஒன்று, பேருந்தில் பக்கத்தில் உட்காருபவருக்கு நாம் யாரென்று தெரியாது என்பதுதான். சமூக ஊடகங்களின் பின்தொடர்தல் அந்த விடுதலையைப் பறிக்கிறது. நாம் விட்டு வந்த ஊர், நம் சட்டைப் பைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தனியுரிமை என்பது வசதி படைத்தவர்களின் கவலை என்று நம் இயக்கத் தோழர்கள் சிலர் சொல்லும்போது எனக்கு ஏற்க முடியாமல் போவது இதனால்தான்.

துறந்த பட்டமும் திரும்பக் கட்டப்படும் சாதியும்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது. பெயரைப் பார்த்ததும் சாதி தெரியாத நிலைமை இந்தத் துணைக்கண்டத்தில் வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை. அது நம் முன்னோர் போராடிப் பெற்றுத் தந்தது.

எந்திரத்துக்குப் பட்டம் தேவையில்லை. நாம் எந்த ஊரில் பிறந்தோம், பொங்கலுக்கு எந்தத் தெருவில் நம் கைப்பேசி நான்கு நாள் கிடந்தது, யாருடைய எண் நம்மிடம் இருக்கிறது, எந்தத் தலைவரின் காணொளியில் நிறுத்திப் பார்த்தோம் என்பவை போதும். 2013இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவில் 58,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் லைக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். ஒருவர் கறுப்பினத்தவரா வெள்ளையரா என்பதை 95 விழுக்காடு சரியாகவும், எந்தக் கட்சிக்காரர் என்பதை 85 விழுக்காடு சரியாகவும் அந்தக் கணிப்பு பிரித்துச் சொன்னது. நிறத்தை யாரும் அதனிடம் சொல்லவில்லை. அமெரிக்காவில் நிறம் எப்படியோ, இங்கே சாதி அப்படி. திருமணமும் நட்பும் தெருவும் சாதிப்படி அடைக்கப்பட்ட சமூகத்தில் ஒருவரின் தொடர்புப் பட்டியலே அவரது சாதிச் சான்றிதழாகிவிடும்.

இப்படிக் கணிப்பதை விளம்பரதாரர்கள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்பதும் தெரிந்ததே. வீட்டு விளம்பரம் கொடுப்பவர்கள் குறிப்பிட்ட இனத் தொடர்புள்ளவர்களின் கண்ணில் அது படாமல் தவிர்க்க முடிந்ததை 2016இல் புரோபப்ளிக்கா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஃபேஸ்புக்கில் சோதித்துக் காட்டியது. அந்த நிறுவனம் வழக்குகளைச் சந்தித்தது. 2022இல் அமெரிக்க நீதித்துறையுடன் சமரசம் செய்து, வீட்டு விளம்பரம் காட்டும் முறையை மாற்ற ஒப்புக்கொண்டது. 'உங்களுக்கு வீடில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்னால் சண்டையாவது போடலாம். அந்த வீடு காலியாக இருப்பதே கண்ணில் படாவிட்டால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"நான் எதையும் பதிவிடுவதில்லை, எனக்கென்ன" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018இல் வெடித்தபோது ஃபேஸ்புக்கே கொடுத்த எண்ணிக்கை இது: சர்ச்சைக்குரிய அந்தச் செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் 335 பேர், அதனால் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். மீதி ஐந்தரை லட்சம் பேர் செய்த ஒரே காரியம், அந்தச் செயலியை நிறுவியவர்களுக்கு நண்பராக இருந்தது. நம் தகவலை நாம் மட்டும் பூட்டி வைத்தால் போதாது. நண்பர் வீட்டுக் கதவு வழியாகவும் அது வெளியேறும்.

தளத்தை விட்டு வெளியே வந்தாலும் பின்தொடர்தல் நிற்பதில்லை. பிற இணையதளங்களில் மெட்டா பிக்சல் எனும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டு நிரல் உட்கார்ந்திருக்கிறது. நாம் என்ன தேடினோம், எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பதை அது மெட்டாவுக்கு அனுப்பும். அமெரிக்காவின் முன்னணி நூறு மருத்துவமனைகளில் 33 மருத்துவமனைகளின் இணையதளங்களில், மருத்துவரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் இடத்திலேயே அது இருந்ததை 2022இல் தி மார்க்கப் என்ற இதழ் வெளிப்படுத்தியது. இதெல்லாம் ஏன் என்றால், பணம். 2021இல் ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தது: 'இந்தச் செயலி உங்களைப் பின்தொடர அனுமதிக்கிறீர்களா?' அதனால் 2022இல் ஏறத்தாழ ஆயிரம் கோடி டாலர் வருமானம் குறையும் என்றது மெட்டா. கேட்டுவிட்டுச் செய்தால் இவ்வளவு இழப்பு வருமென்றால், கேட்காமல் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நான் செய்த தவறு

வீடு போனது சின்ன விஷயம். இனி எழுதப்போவது அப்படியல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு தோழர்கள் சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்டார்கள். பெண் வீட்டாரின் மிரட்டல் இருந்தது. சின்னக் கூடத்தில் பதினைந்து பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டார்கள். மகிழ்ச்சி தாங்காமல் நான் படமெடுத்து, 'சாதி ஒழிப்பு இணையருக்கு வாழ்த்துகள்' என்று எழுதிப் பதிவிட்டேன். லொகேஷன் போடவில்லை. ஆனால் இருவரையும் டேக் செய்திருந்தேன். பின்சுவரில் கூடத்தின் பெயர்ப்பலகை பாதி தெரிந்தது. இருநூறு லைக் வந்தது. அந்தியில் இரண்டு கார்கள் அந்தக் கூடத்துக்கு வந்து விசாரித்ததாகக் காவலாளி சொன்னார். அன்றிரவே அவர்களை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினோம். பேருந்தில் ஏறுமுன் அந்தத் தோழி என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தோழர்?"

இன்று அவர்கள் நலமாக இருக்கிறார்கள். அதில் என் கெட்டிக்காரத்தனம் எதுவுமில்லை. உடுமலை சங்கர், ஓமலூர் கோகுல்ராஜ், நெல்லையில் 2025 ஜூலையில் வெட்டிச் சாய்க்கப்பட்ட கவின் என்று நீளும் பட்டியல் இருக்கும் மண்ணில், யார் எங்கே இருக்கிறார்கள் என்ற தகவல் வெறும் தகவல் அல்ல. அரிவாளுக்கு வழி காட்டக்கூடியது அது.

சட்டமே இதை மெல்ல மெல்லப் புரிந்துகொண்டிருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன்படி திருமண அறிவிப்பைப் பதிவு அலுவலகத்தில் ஒட்டி 30 நாள் ஆட்சேபணைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த அறிவிப்புகளை இணையத்தில் ஏற்றிவந்த கேரள அரசு, இணையர்கள் குறிவைக்கப்படுகிறார்கள் என்ற புகார் எழுந்தபின் 2020இல் அதை நிறுத்தியது. 2021 சனவரியில் அலகாபாத் உயர்நீதிமன்றம், இணையர் விரும்பினால் மட்டும் அறிவிப்பை வெளியிட்டால் போதும் என்றது. தந்தை பெரியாரின் வழிவந்த சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணா ஆட்சி தந்த சட்ட ஏற்பைப் பற்றிய வழக்கிலும், ஊரறிய அறிவித்தால்தான் செல்லும் என்று கட்டாயப்படுத்துவது இணையரின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் கூறியது. ஓர் அலுவலகச் சுவரில் ஒட்டும் தாளையே ஆபத்து என்று நீதிமன்றங்கள் பார்க்கும்போது, நாம் ஆயிரம் சுவர்களில் ஒரே நொடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

யாருக்குத் திரை, யாருக்கு வெளிச்சம்

2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அதன் தொடர்ச்சியாக 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவு, சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் நுண்ணிய தகவல்களாக வகைப்படுத்தியது. 2023இல் நிறைவேறிய மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகையே காணாமல் போனது. நம் சாதியும் நமக்குப் பிடித்த செருப்பின் அளவும் இப்போது சட்டத்தின் முன் ஒரே தகுதி கொண்ட தகவல்கள்.

அதே சட்டம் இன்னொரு வேலையும் பார்த்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி, 'தனிநபர் தகவல்' என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) மிச்சமிருக்கிறது. அதை எந்த அதிகாரி நமக்காகத் தேடி எடுத்துத் தருவார் என்பது வேறு கேள்வி. இடஒதுக்கீட்டு இடத்தில் யார் அமர்ந்திருக்கிறார், போலிச் சாதிச் சான்றிதழில் யார் வேலை வாங்கினார், நலத்திட்டப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டால் இனி தனியுரிமை குறுக்கே வந்து நிற்கும். அதிகாரத்துக்குத் திரை, ஒடுக்கப்பட்டவருக்கு வெளிச்சம் என்று தலைகீழாக வைத்திருக்கிறார்கள். நாம் கேட்கும் தனியுரிமை இதுவல்ல. அதிகாரத்தில் இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும். அதிகாரமற்றவரை யாரும் வேவு பார்க்கக் கூடாது.

இளந்தோழர்கள் சிலர் கேட்பார்கள்: "நாம் ஏன் ஒளிய வேண்டும்? ஜெய்பீம் என்று நிமிர்ந்து சொல்வதுதானே அரசியல்?" ஆமாம், அதுதான் அரசியல். இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதற்காகத்தான். ஆனால் நான் சொல்வதும், என்னைப் பற்றி இன்னொருவர் துப்புக் கொடுப்பதும் ஒன்றல்ல. மேடையேறி என் சேரியின் பெயரை நான் உரக்கச் சொல்லும்போது அது என் தன்மானம். அதே பெயரை ஒரு செயலி என்னைக் கேட்காமல் வீட்டுக்காரரிடம் சொன்னால் அது காட்டிக்கொடுப்பு. எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்ற முடிவு என் கையில் இருக்க வேண்டும். சுயமரியாதை என்பதில் அதுவும் அடக்கம்.

இன்றிரவே செய்யக்கூடியவை

பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும், சாதித் தகவலுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்ற கோரிக்கைகளை இயக்கங்கள் எழுப்ப வேண்டும். கையெழுத்து இயக்கத்தோடு அதை முடித்துவிட முடியாது என்பதையும் அறிவேன். அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். கால் மணி நேரம் போதும்.

சமூக ஊடகச் செயலிகளுக்குத் தொடர்புப் பட்டியலைப் பார்க்கும் அனுமதியை நீக்குங்கள். ஏற்கெனவே ஏற்றிய தொடர்புகளை அழிக்கும் வசதியும் செட்டிங்ஸில் உண்டு. இருப்பிட அனுமதியை எடுத்துவிடுங்கள். ஃபேஸ்புக்கில் நண்பர்கள் பட்டியலை 'நான் மட்டும்' என்று மாற்றுங்கள். எண்ணை வைத்து உங்களைத் தேடும் வசதியையும் அப்படியே மாற்றுங்கள். டேக் செய்தால் நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே உங்கள் பக்கத்தில் வரும்படி வையுங்கள். மெட்டாவுக்கு வெளியே நீங்கள் செய்வதெல்லாம் அங்கே சேர்வதைத் துண்டிக்க ஒரு தெரிவு இருக்கிறது. தேடிப் பிடித்து அழுத்துங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் விளம்பர அடையாள எண்ணை அழிக்கலாம். கூகுள் இருப்பிட வரலாற்றை நிறுத்தலாம். இவை எல்லாவற்றையும் செய்தாலும் முழுப் பாதுகாப்பு வந்துவிடாது. ஆனால் நம்மைத் தேடி வருபவர் ஒரு சொடுக்கில் வந்து சேர முடியாது.

இவற்றைவிட முக்கியமானது நமக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு. கூட்டத்தில், ஊர்வலத்தில், திருமணத்தில் எடுத்த படத்தைப் போடுமுன் அதில் இருப்பவரிடம் கேட்போம். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுவோம். வாடகை வீட்டில் இருப்பவர், தனியார் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர், வீட்டுக்குத் தெரியாமல் காதலிப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். சாதி மறுப்பு இணையரின் படத்தை அவர்கள் சொல்லும் நாளில், அவர்கள் சொல்லும்படி மட்டும் வெளியிடுவோம். வாழ்த்துவதற்கு ஒரு மாதம் தாமதமானால் புரட்சி ஒன்றும் நின்றுவிடாது. நம் கைப்பேசியில் 'காலனி' என்று யாருடைய எண்ணையாவது சேமித்திருந்தால் அதையும் இன்றே மாற்றுவோம். நம்மவர்களிலும் அப்படிச் சேமித்தவர்கள் இருக்கிறார்கள்.

போன ஏப்ரல் 14 அன்று நானும் ஊர்வலத்துக்குப் போனேன். ஒரு தம்பி படமெடுத்துவிட்டு, "அண்ணா, போடலாமா?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் யோசித்தேன். "போடு" என்றேன். இந்த முறை அது என் முடிவு.